மூன்று புள்ளி

தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு, எந்த அறையில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று காட்டும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவள் வினோலியா. கெட்டிக்காரி. கெட்டிக்காரிகளுக்கே உரிய அவசரமும் உண்டு.

ஃபோர்மேன் தங்கச்சாமி மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இன்றைய ஆள்வரிசையை அப்படியே பிரதி எடுத்து, நாலைந்து பேரை மட்டும் அறை மாற்றி, நாளைக்கு என்று போட்டுவைப்பார். அந்தப் பிரதியை எடுக்க, நிரலில் அவள் மூன்று புள்ளி வைத்தாள். ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் மூன்று புள்ளி பல வேலை பார்க்கும். இரண்டு பட்டியலை இணைக்கும், மிச்சம் மீதியை அள்ளும், பிரதியும் எடுக்கும். இம்புட்டு வேலை பார்ப்பதை யார்தான் சந்தேகப்படுவார்கள்? நாளைய திரையைச் சோதித்தாள்; சரியாக மாறியிருந்தது. இன்றைய திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மருந்து கலக்கும் அறை வெடித்த அன்று, நாளைய வரிசையைப் போட்டுவிட்டுத் தங்கச்சாமி சூலக்கரைக்குப் போயிருந்தார். பெண்கள் மூலைக்கொருவராகக் காட்டுக்குள் ஓடினார்கள். செல்போனையெல்லாம் காலையிலேயே கேட்டில் வாங்கி வைத்துவிடுவதால் யாரையும் கூப்பிட வழியில்லை. ஆபீஸில் திரையைப் பார்த்தார்கள். அந்த அறைக்கு நேரே மாரிசெல்வி என்று இருந்தது. முகம் தெரியாமல் கருகி ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு அந்தப் பேரே போனது.

விஸ்வநத்தத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த கண்ணுச்சாமி, பெண்டாட்டிக்கு என்ன ஆனதோ என்று பதறிப்போய்க் கம்பெனிக்குப் போன் போட்டார். உங்க சோலையம்மாள் பேக்கிங் ஷெட்டில்தான், ஒன்றுமில்லை என்றார்கள். சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு மிச்ச லோடையும் ஏற்றினார்.

பொழுது சாயும்போது, காட்டுவழியே சுற்றி வந்த மாரிசெல்வி தன்னை நினைத்து அழுதுகொண்டிருந்த வீட்டுக்குள் நுழைந்தாள். அதற்குப் பிறகுதான், ஆஸ்பத்திரியில் கிடப்பது இன்னும் வீடு திரும்பாத சோலையம்மாள் என்று புரிந்தது. கண்ணுச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சோலையம்மாள் உயிரோடு இல்லை.

பழி தங்கச்சாமி தலையில் விழுந்தது. மறுநாள் காலை அவர் வினோலியாவுக்குப் போன் செய்தார்.

"மறுநாளைக்குள்ளதத்தாம்மா மாத்துனேன். அன்னைக்குள்ளதத் தொடவே இல்ல."

அவள் கணினியைத் திறந்தாள். மூன்று புள்ளி மேலாக மட்டுமே பிரதி எடுத்திருந்தது. உள்ளே அறைகள் இரண்டு நாளுக்கும் ஒன்றேதான், ஒரே தாளுக்கு இரண்டு அட்டை ஒட்டியது போல. நாளையை மாற்றினால் இன்றும் மாறும்; நாளைக்கு அந்த அறைக்கென்று போட்ட மாரிசெல்வி இன்றைய திரையிலும் அங்கேயே வந்துவிட்டாள். திருத்த ஒரு வரி போதுமாக இருந்தது.

அம்மா இன்பம் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவளுக்குத் தொண்டையும் வெந்து போச்சு, பேச முடியல. மாரிசெல்வி, மாரிசெல்வின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் தலைய ஆட்டுனா. வலியில ஆட்டுதான்னு நெனச்சுட்டேன்டி."

வினோலியா தரையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, அந்தப் பேர் தன் கையால் வந்தது என்று சொன்னாள். தங்கச்சாமி மேல் தப்பில்லை என்று கம்பெனியில் சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

இன்பம் குனிந்து செருப்பைக் கழற்றினாள். மகளைத் திட்டவில்லை.

"கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் மாரிசெல்வி புருஷனக் கொண்டாந்து பக்கத்துல உக்கார வச்சேன்" என்றாள்.