வறுப்பின் பக்குவம்

ஹஸீனா ஐந்து மாதக் கர்ப்பிணி என்று தெரிந்த வாரமே அவளை வறுப்பறையிலிருந்து பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். திண்டிவனம் பைபாஸ் ஓரத்திலிருந்த அந்த வேர்க்கடலை வெண்ணெய் கம்பெனியில் அவள்தான் வறுப்பு சூப்பர்வைசர். கடலையை எந்தச் சூட்டில் வறுப்பது, நடுவில் எப்போது ஆறவிடுவது என்ற பக்குவம் முதலாளிக்கும் மேனேஜர் தென்னரசுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். வெளியே சொல்வதில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

தென்னரசு சிரித்த முகத்தோடுதான் சொன்னார். "வயித்துல புள்ளய வச்சிக்கினு அனல்ல நிக்கணுமாம்மா? உன் நல்லதுக்குத்தான்."

ஆனால் பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்கவேண்டும், பெட்டி தூக்கவேண்டும். சூப்பர்வைசர் பதவி அவளிடம் வேலை கற்ற ஒருவனுக்குப் போனது; பக்குவத்தைத் தென்னரசே பார்த்துக்கொண்டார்.

ஹஸீனா விழுப்புரம் போய் வக்கீல் கலைமதியைப் பார்த்தாள். கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பதவியைப் பறிப்பது பாகுபாடு என்றார் அவர். கம்பெனி ரகசியத்தைக் காப்பது அவள் கடமை, ஆனால் தனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்வதை அந்தக் கையெழுத்து தடுக்காது என்றும் விளக்கினார். தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள்.

அதன்பிறகு யாரும் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. வாசலில் அவள் பையை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். அவள் வீட்டுத் தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்க ஆரம்பித்தது. அவள் ஜன்னலைத் திறந்தால் கிளம்பிப் போய்விடும். துபாயிலிருந்த கணவன் சாதிக் பாட்சா, வேலையே வேண்டாம் என்று போனில் கெஞ்சினான்.

ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. புதுச்சேரியில் புதிதாகத் தொடங்கும் கம்பெனி என்றார் பேசியவர். மெல்லிய குரல், பேச்சுக்குப் பேச்சு தொண்டையைச் செருமினார். இதைவிடப் பெரிய வேலை, முழுப் பிரசவ விடுப்பு, எல்லாம் தருவதாகச் சொன்னார்.

"வறுக்குற பக்குவத்த மட்டும் சொல்லிடும்மா. உன்ன இவ்ளோ பேஜார் பண்ணிக்கினு இருக்காங்க, அவங்களுக்காக ஏன் மறைக்கிற?"

சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. தென்னரசின் சிரிப்பு மறைவதைப் பார்க்கலாம். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அது என்னுது இல்லீங்க. எனக்கு நடந்தத யாருகிட்ட வேணா சொல்லுவேன். அத மட்டும் சொல்லமாட்டேன்."

அழைப்பைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை, சாதிக்கிடம்கூட.

தொழிலாளர் அலுவலக விசாரணைக்குத் தென்னரசு கம்பெனி ஆலோசகர் பாண்டுரங்கனோடு வந்தார். இந்தப் பெண் புதுச்சேரி கம்பெனி ஒன்றுக்கு எங்கள் ரகசியத்தை விற்கப் பேரம் பேசுகிறாள், புகார் வெறும் நாடகம் என்றார். அதை விளக்கப் பாண்டுரங்கன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

அவர் பேசத் தொடங்கியதும் ஹஸீனா நிமிர்ந்து பார்த்தாள். போனில் கேட்ட அதே குரல். அந்த அழைப்பைப் பற்றிக் கலைமதியின் காதில் சொன்னாள்.

கலைமதி விசாரணை அதிகாரியைப் பார்த்துக் கேட்டார். "புதுச்சேரி கம்பெனின்னு இவங்களுக்கு ஒரு போன் வந்துச்சி, அது இவங்களுக்கும் கூப்பிட்டவருக்கும் மட்டும்தான் தெரியும். பாண்டுரங்கன் சார் எப்படிங்க தெரிஞ்சிக்கினாரு?"

ஹஸீனா போனை நீட்டினாள். அழைப்பு வந்த எண்ணை அதிகாரி பாண்டுரங்கனின் கார்டோடு ஒப்பிட்டார்; அவருடைய அலுவலக எண்தான். அவளைப் பழைய பதவியிலேயே அமர்த்தவேண்டும் என்று உத்தரவானது.

திங்கட்கிழமை வறுப்பறைக் கதவைத் தென்னரசே திறந்துவிட்டார். அவள் நிற்கும் இடத்துக்கு நேர்மேலே புதிதாக ஒரு கேமரா. அந்தப் பழைய சிரிப்போடு, "இனிமே ஒரு சின்னத் தப்புகூட வரக்கூடாதும்மா" என்றார்.

அவர் கதவைச் சாத்திய பிறகும் காலடிச் சத்தம் தூரமாகப் போகவில்லை; வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். ஹஸீனா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இயந்திரத்தை இயக்கினாள்.