எழுநூற்று எண்பத்தாறு பெட்டிகள்

தண்டையார்பேட்டையை விட்டு வண்டி கிளம்பியதுமே கார்குழலி எழுந்துவிட்டாள். மகளிர் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு வாசலுக்குப் போகிறவளைப் பக்கத்தில் இருந்த மீன்காரம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எதிரே எண்ணூர் பக்கம் போகும் வண்டி தடதடவென்று வந்தது. அதன் ஒரு வாசலில் பச்சைப் பையோடு ஒரு கை உயர்ந்தது. அவன் கையா, வேறு யாருடைய கையா என்று பார்ப்பதற்குள் வண்டி போய்விட்டது. இவளும் கையைத் தூக்கிக் காட்டினாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரு நாளில் நடத்தும் குடித்தனம் இவ்வளவுதான்.

அன்பரசனுக்கு எண்ணூர் பக்கம் ஒரு வார்ப்படக் கம்பெனியில் நிரந்தர ராத்திரி ஷிப்டு. அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது இவள் திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பாள். காலையில் அவன் திரும்புவதற்குள் இவள் கிளம்பிவிடுவாள். வாரத்தில் ஒரு நாள் அவனுக்கு லீவு உண்டு. அது ஞாயிற்றுக்கிழமையாக வந்தால் அதிர்ஷ்டம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அடுத்த வீட்டு புஷ்பவல்லியிடம்தான் சாவி இருக்கும். சாவியைக் கொடுக்கும்போதெல்லாம் அவள் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான்மே தபால்காரி. இன்னாத்துக்குத்தான் கல்யாணம் கட்டிகினீங்களோ.”

கார்குழலி சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிக்கொள்வாள். உள்ளே போனதும் அந்தச் சிரிப்பு முகத்தில் தங்காது. அவன் துவைத்துப் போட்ட துணி கொடியில் ஈரமாக இருக்கும். அதைத் தொட்டுப் பார்ப்பாள். அவள் ஏங்கியது ஒரே ஒரு மணி நேரத்துக்குத்தான். சாயங்காலம் அவன் கிளம்புவதற்கு முன்னால், அவன் விழித்திருக்கும்போது, ஒரு மணி நேரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது ஆபீஸ் கம்ப்யூட்டர்தான். கப்பலில் வந்த பெட்டிகளை இறக்கி வைக்கும் கண்டெய்னர் யார்டு அது. யார்டுக்கு மூன்று கேட்டுகள். கேட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு கிளார்க். ஒரு லாரி உள்ளே வந்தால் ஒரு வரி அடிக்க வேண்டும். முதலில் லாரியில் எத்தனை பெட்டி, பிறகு பெட்டி எண், பிறகு எந்தக் கப்பல் கம்பெனி. சாயங்காலம் கேட்டுக் கணக்கு முடிந்ததும் மூன்று ஃபைலும் மாடியில் இருக்கும் லினக்ஸ் சர்வருக்கு வந்து சேரும். அப்போதுதான் மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள், இவளுக்கு வேலை ஆரம்பிக்கும். மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒன்றாகச் சேர்த்து, கம்பெனி வாரியாகப் பிரித்து, கூட்டி, அவரவர் ஏஜென்டுக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். அனுப்பி முடிக்கும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருக்கும்.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலுக்குள் கம்ப்யூட்டர் தானாகச் செய்யவேண்டியதை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்டைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்று அட்டையில்லாமல் கிடைத்தது. யாரோ காப்பியைக் கொட்டி முதல் பாடத்தைப் பழுப்பாக்கியிருந்தார்கள். அதை ரயிலில் வைத்துப் படித்தாள். ஆரம்பத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு கட்டளையின் வெளியீட்டை நடுவில் கோடு போட்டு அடுத்த கட்டளைக்குத் தரலாம் என்ற இடம் வந்ததும் சட்டென்று பிடிபட்டது. தண்ணி லாரி வரும்போது போர்டில் படிக்கு ஒருவராக நின்று குடத்தைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்களே, அதுதான். கீழே இருப்பவனுக்கு மாடியில் யார் என்று தெரிய வேண்டியதில்லை. வந்த குடத்தை வாங்கி மேலே கொடுத்தால் போதும். இந்த ஒரு விஷயம் புரிந்த அன்றைக்கு அவள் இறங்க வேண்டிய கொருக்குப்பேட்டையைக் கோட்டைவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி நடந்தாள். கால் வலித்தாலும் மனசு லேசாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள். ஓடாது. ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருக்கும். திட்டிக்கொண்டே போடுவாள். ஓடும்போது, பக்கத்து மேஜை சைமாவின் தோளைப் பிடித்து உலுக்குவாள். வண்ணாரப்பேட்டை சைமாவுக்குப் பில் போடும் வேலை. கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஆடவும் தெரியும். கார்குழலி உலுக்கும்போதெல்லாம் அவள் ஆட்டம் கெட்டுப்போகும்.

ஒருவழியாக முடிந்தது. ஒரு பெயரை அடித்து என்டரைத் தட்டினால் மூன்று ஃபைலும் சேர்ந்து, பிரிந்து, கூட்டி, கிளம்பிப் போய்விடும். அன்பரசனின் லீவு நாளில் அதைச் சொன்னாள்.

“திங்கக்கெழமலேந்து வெளிச்சம் இருக்கும்போதே வூட்ல இருப்பேன். நீ கெளம்பறதுக்கு முன்னாடியே.”

“பாக்கலாம் பாக்கலாம்” என்றான் அவன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் என்டரைத் தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு, சைமாவுக்கு டாட்டா காட்டி, மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பாள். மேலே போன் அடித்தது. கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பான செங்குட்டுவன் எடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சர்வரைக் கண்டால் சின்ன வயதில் பேயைக் கண்டது மாதிரி ஒதுங்கிப் போவார்.

“கார்குழலி, கொஞ்சம் மேல வாம்மா. பேரே இல்லாத கப்பல்லேந்து எழுநூத்து எம்பத்தெட்டு பெட்டி வந்திருக்காம். ஏஜென்ட்டு சிரிக்கிறாரா திட்டறாரான்னே புரியல.”

யார்டு முழுக்கக் காலி செய்து அடுக்கினாலும் ஒரே நாளில் அத்தனை பெட்டி வந்து இறங்க வழியில்லை. அவள் படியேறி வந்து, பழையபடி கையாலேயே எல்லாவற்றையும் செய்து, சரியான கணக்கை அனுப்பினாள். அன்றைக்கு எதிர்வண்டி வந்தபோது வாசலுக்குப் போகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாத வெட்கத்தில் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் செங்குட்டுவன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கொஞ்ச நாளைக்குக் கையாலயே செஞ்சிடும்மா. எதுக்கு வம்பு.”

அவள் மூன்று கேட்டுகளின் ஃபைல்களையும் திறந்தாள். வடக்குக் கேட்டு ஃபைலின் உச்சியில் 786 என்று இருந்தது. தெற்குக் கேட்டில் 2. மேற்குக் கேட்டில் ஒரு கூட்டல் குறி. பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டாள். வடக்கில் சௌக்கத் அலி, எதை எழுதினாலும் முதலில் 786 போடாமல் எழுதமாட்டார். தெற்கில் தங்கப்பாண்டி, பிள்ளையார் சுழிக்கு அந்தக் கீபோர்டில் எழுத்து இல்லாததால் ஏறக்குறைய அதே வடிவத்தில் இருந்த இரண்டைத் தட்டி வைக்கிறார். மேற்கில் இருதயம்மாள் சிலுவைக்குக் கூட்டல் குறி. முதல் எண்ணைப் பெட்டிகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள் அல்லவா? சர்வர் அல்லாவையும் பிள்ளையாரையும் பெட்டியாக எண்ணிவிட்டது. சிலுவை மட்டும் கணக்கில் எதையும் ஏற்றவில்லை.

இத்தனை மாதமாக இது ஏன் கண்ணில் படவில்லை என்று யோசித்தவளுக்குத் தன் விரல்களின் நினைப்பு வந்தது. ஃபைலைத் திறந்ததும் அவள் கை தானாகப் போய் டி எழுத்தை இரண்டு தரம் தட்டும். முதல் வரி அழிந்துவிடும். யாரோ முதல் நாளில் சொல்லிக்கொடுத்தது. ஏன் என்று அவளும் கேட்டதில்லை. கைக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. பிறகு எப்படி ஸ்கிரிப்டுக்குச் சொல்வாள்?

செங்குட்டுவனுக்குக் காரணம் தெரிந்ததும் நிம்மதி.

“அவ்வளவுதானே. யாரும் மேல எதுவும் போடக்கூடாதுன்னு ஒரு சர்க்குலர் அடிச்சிடறேன்.”

“நானே போய்ச் சொல்லிட்டு வரேன் சார்” என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் சைமாவையும் இழுத்துக்கொண்டு வடக்குக் கேட்டுக்கு நடந்தாள். தகரக் கூண்டுக்குள் மின்விசிறி வெந்நீர் மாதிரி காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. எதற்கோ கம்ப்யூட்டர் நின்றுபோய், சௌக்கத் அலி புதிதாக ஒரு ஃபைலைத் திறந்துகொண்டிருந்தார். வெளியே லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் கெட்ட வார்த்தையில் அழைத்தான். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழு, எட்டு, ஆறு. ஒவ்வொன்றையும் நிதானமாகத் தட்டினார். ஒரு விநாடி கண்ணை மூடினார். பிறகுதான் ஜன்னல் பக்கம் திரும்பி, “இன்னாபா அவ்ளோ அவசரம், நம்பர் சொல்லு” என்றார்.

வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் இவர்களைப் பார்த்தார்.

“இன்னாம்மா, வெயில்ல வந்துகினு கீறீங்க. டீ சொல்லட்டா?”

கார்குழலி வாயைத் திறந்தாள்.

“ஒண்ணுமில்ல பாய். சும்மாதான் வந்தோம்.”

டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். பாதி தூரம் வந்ததும் சைமா இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

“மாமு கைல சொல்லத்தான வந்த? இன்னாத்துக்கு முழுங்கின?”

“அவரைப் போய் எப்டிடி சொல்றது? அதப் போட்டாதான் அவருக்கு வேலையே ஓடுது.”

“உனுக்கு மட்டும் இன்னா வாழுது? நீ எழுதறியே, அதுலயும்தான் மொத வரில வேலி மாதிரி ஒண்ணு, ஆச்சரியக்குறி ஒண்ணு போடற. ஒரு நாள் போடாத வுட்டுப் பாரு, ஓடுதான்னு.”

கார்குழலி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் வீட்டில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு. எதற்கும் சுழி போட்டுப் பழக்கமில்லை. ஆனால் புத்தகத்தில் முதல் பாடமே அதுதான்: ஸ்கிரிப்டின் உச்சியில் ஹாஷ், ஆச்சரியக்குறி, ஷெல்லின் விலாசம். போன வாரமெல்லாம் பயபக்தியோடு அவளும் அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தாள்.

திருத்துவது ஒரு வரி வேலை. பெட்டி எண் என்றால் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். அப்படி ஒன்று இருக்கும் வரியை மட்டும் கூட்டு என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லிவிட்டால் போதும். அதைச் சொன்னாள். மற்ற வரிகளைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆபீஸில் வைத்துக்கொள்ளும் நாள் கணக்கின் உச்சியில் அவற்றை வரிசையாக வைக்கச் சொல்லி இன்னொரு வரி எழுதினாள். அந்த வாரம் முழுக்கக் கையாலும் செய்தாள், ஸ்கிரிப்டையும் ஓட விட்டாள். இரண்டும் ஒத்துப்போயின. செங்குட்டுவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“இது என்னம்மா, 786, 2, பிளஸ்னு மேல வரிசையா இருக்கு?”

“இருக்கட்டும் சார். கணக்குல சேராது.”

அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். பிறகு, தினமும் கேட்டுக் கணக்கு வந்ததும் ஸ்கிரிப்ட் தானாகவே ஓடும்படி வைத்துவிடச் சொன்னார். மெயில் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். சர்வருக்குப் பக்கத்தில் அவர் வலியப் போய் நின்றதை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

மறுநாள் மற்றவர்களோடு சீக்கிரமே கிளம்பி அவள் வந்த வண்டிக்கு எதிர்வண்டி எதுவும் வரவில்லை. போர்டு மைதானத்தில் வெயில் சாய்ந்து கிடந்தது. பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். புஷ்பவல்லி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்து முறத்தை அப்படியே நிறுத்தினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே அன்பரசன் ஸ்டவ்வில் டீத்தூளைப் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தவன் முகம் மாறிப்போனது.

“இன்னாமே, இந்நேரத்துக்கு வந்துகினு கீற? வேல பூட்ச்சா?”

“வேல அங்க நடந்துகினு கீது. நான் வந்துட்டேன்.”

அவனுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் பாலை இன்னும் கொஞ்சம் ஊற்றினான். அவளுக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

டீ கொதித்து இறங்கியதும் அவன் தம்ளருக்குக் கை நீட்டினான். மேடையில் இருந்தது ஒன்றுதான். காலையில் அவள் குடித்துக் கழுவி வைத்தால் சாயங்காலம் அவன் குடிப்பான். அவள் பரண் மேலே எட்டி, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பாத்திரங்களுக்குள் கையை விட்டு, ஒரு தம்ளரை எடுத்தாள். தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கடைக்காரன் ஒட்டிய காகிதம் இன்னும் அதன் மேலேயே இருந்தது. நகத்தால் சுரண்டினாள். பாதிதான் வந்தது.

“அத்த இப்டி குடு” என்று அவன் அதை வாங்கி, காகிதம் ஒட்டியிருந்த தம்ளரில் தனக்கு டீயை ஊற்றிக்கொண்டு, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.