கோவேறு கழுதை ஒன்று, வேலையாள் ஒருவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வெயிலுக்கு ஒதுங்கினேன். காசு கொடுக்காமல் ஏசியில் உட்கார ஊரில் ஓர் இடம் உண்டென்றால், அது ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைதான். மடியில் எண்ணூறு பக்க மொழிபெயர்ப்பு நாவல். மேசைமேல், மரியாதைக்கு ஒரு பழைய பதிவேடு. நாவலில் பனி பெய்தது. எதிர் மேசையில் ஒரு பெண் விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை எண்ணினாள். பிறகு தன் பதிவேட்டை மூடி, அதன்மேல் கைப்பையை வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள், உள்ளேயிருந்து ஏதோ எழுந்து வந்துவிடும் என்பதுபோல.

நான் நாவலை மூடினேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவேட்டுக்காரரிடம் அவள் பேசியதை மட்டும் ஒட்டுக்கேட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்தது. பதுங்குகுழியில் அவன் தன் காதலிக்கு

[நிறுத்துகிறேன். இந்தக் குடும்பத்தில் யாரும் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே பனி பார்த்ததில்லை.]

இரண்டாம் தொடக்கம்: முன்னறையில் மாட்டியிருந்த படத்தில் கொள்ளுத்தாத்தா வாளை உயர்த்தியபடி

[வாள் புகைப்படக் கடைக்காரருடையது. சீருடை போட்டுக்கொண்டு போன எல்லார் கையிலும் அதைத்தான் கொடுத்தார்.]

மூன்றாவது தொடக்கம் இல்லை. நேரே போவோம்.

3

அவள் காப்பீட்டு அலுவலகத்தில் இறப்புக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பவள். செத்த தேதிக்குப் பிறகு செத்தவர் எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது அவள் வேலை. போடுகிறார்கள் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அவளுக்குப் பழகிவிட்டது.

அவளுடைய பெரியப்பாவுக்குக் குடும்பத்தில் ஜெனரல் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வகுப்பறையைத் தவிர வேறு போர்க்களம் பார்த்ததில்லை. போரில் மாண்ட தன் தாத்தாவுக்கு, அதாவது அவளுடைய கொள்ளுத்தாத்தாவுக்கு, பூங்காவில் ஒரு நினைவுக்கல் நட அனுமதி கேட்டு ஏழு வருடம் அலைந்தார். கடைசியில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. கல்லுக்கு இறந்த தேதி வேண்டும். விழா மலருக்கு வம்சாவளி வேண்டும்.

"நீதான் தேதி பார்க்கிறவளாச்சே. ஒரு நடை போய் எடுத்துட்டு வந்துடும்மா," என்றார்.*

* சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அறுபது பேர் இருக்கிற குடும்பத்தில், போயும் போயும் இவளை அனுப்பினார்.

4

காப்பகத்தில் ராணுவப் பதிவுகள் ஒரு கட்டடம், குடிமைப் பதிவுகள் எதிர்க் கட்டடம். நடுவில் டீக்கடை.

ராணுவக் கட்டடத்தில் கொள்ளுத்தாத்தாவின் சேவை அட்டை கிடைத்தது. பிரிவு: கோவேறு கழுதைப் போக்குவரத்து. ஒப்படைக்கப்பட்ட விலங்கு: கழுத்தில் சூடு போட்ட எண் 417. 'நடத்தை' என்ற கட்டத்தில் மூன்றே வரிகள்.

கழுதையைத் தொலைத்தார். இரண்டு நாளில் கண்டுபிடித்தார்.

கழுதையைத் தொலைத்தார். கழுதை தானே திரும்பியது.

ஆளும் கழுதையும் காணவில்லை. இறந்ததாகக் கருதப்படுகிறது.

கடைசி வரிக்கு ஒரு மார்ச் மாதத் தேதி. எழுதிக்கொண்டாள். டீ குடித்தாள். எதிர்க் கட்டடத்துக்குப் போய், கொள்ளுத்தாத்தாவின் ஒரே மகனான தன் தாத்தாவின் பிறப்புப் பதிவை எடுத்தாள். தகப்பனார்: போரில் இறந்தவர். பிறந்த நாள்: அடுத்த வருடம் மே.

விரல்விட்டு எண்ணியது அப்போதுதான். பதினான்கு மாதம். எண்பது வருடமாக இந்தப் பதிவைக் காட்டித்தான் குடும்பம் தியாகி வாரிசுச் சான்றிதழ்களை வாங்கியிருக்கிறது. கொடுத்தவர்கள் யாருக்கும் விரல் இல்லை.

"ஐயா, ஒரு குழந்தை பதினாலு மாசம் வயித்துல இருக்குமா?"

பதிவேட்டுக்காரர் தலை நிமிரவில்லை. "யானைன்னா இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கும்."

"மனுசக் குழந்தை."

"அப்போ ரெண்டு கட்டடத்துத் தேதியையும் ஒண்ணா வெச்சுப் பார்த்திருக்கீங்க. அப்படியெல்லாம் பார்க்கக் கூடாதும்மா. அதுக்குத்தானே நடுவுல டீக்கடை விட்டிருக்கு."

பிறகு நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இடம்பெயர்ந்தோர் பதிவு பார்த்தீங்களா? குண்டு விழும்னு ஊரைக் காலி பண்ணினப்ப, ரோட்டுல நிறுத்தி ஆள், ஆடு, மாடு எல்லாத்தையும் எழுதினாங்க. ஆள் பொய் சொல்லுவான். மாடு சொல்லாது."

5

[இந்த இடத்தில் என் கை பரபரத்தது. நான் படிக்கும் நாவல்களில் இங்கே ஒரு தபால்காரர் வருவார். அவருக்குச் சாம்பல் நிறக் கண்கள் இருக்கும். எழுதியும் பார்த்தேன்: தபால்காரர் கதவைத் தட்டியபோது கொள்ளுப்பாட்டி தன் கூந்தலை

அடித்துவிட்டேன். செத்துப்போனவளின் மானம் என் வாக்கியத்துக்குத் தீனி இல்லை.]

6

அந்த மார்ச் கழிந்து வந்த ஜூலையில், இடம்பெயர்ந்தோர் பதிவேட்டில், கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு நேரே:

பெண், குடும்பத் தலைவி: ஒன்று. ஆண், வேலையாள்: ஒன்று. கோவேறு கழுதை: ஒன்று. கழுத்தில் சூடு, 417.

குறிப்பு என்ற கட்டத்தில், 'ஆண் ஊமை என்று அவர் மனைவி சொன்னார்' என்றிருந்தது. அதில் 'அவர் மனைவி' மட்டும் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டு, மேலே பொடி எழுத்தில் 'முதலாளியம்மா' என்று திருத்தப்பட்டிருந்தது.

அந்தக் கோட்டை அவள் வெகுநேரம் பார்த்தாள். நானும் இங்கே மூன்று வாக்கியங்களை அடித்திருக்கிறேன். ஒன்றுகூட அந்தக் கோட்டுக்குக் கால்தூசி பெறாது.

படையிலிருந்து ஓடிவந்தவனைப் பிடித்தால் சிறை. செத்தவனைப் பிடிக்க முடியாது. புது ஊரில் இவர்களை யாருக்கும் தெரியாது. தாடி வளர்ந்துவிட்டால் போதும். தாடி இல்லாவிட்டால்தான் என்ன, வேலையாளின் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? போர் முடிந்ததும் தியாகி குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. மகனுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது. பிறகு வேலை கிடைத்தது. ஒவ்வொன்று கிடைத்தபோதும், அந்த மனிதர் உயிரோடு எழுந்து வருவது இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிப்போனது.

 அந்த மகனுக்கு, அவளுடைய தாத்தாவுக்கு, விஷயம் தெரியுமா? எனக்கும் தெரியாது. அவரும் காலமாகிவிட்டார்.

7

சனிக்கிழமை மாலை. பெரியப்பா வீட்டு முன்னறை. வாள் பிடித்த படத்துக்குக் கீழே, பெரியப்பாவின் தங்கையான அத்தை விழா மலர்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தேதி கிடைச்சுதா?"

"கிடைச்சுது பெரியப்பா. கொஞ்சம் அதிகமாவே கிடைச்சுது."

சேவை அட்டையின் நகலை நீட்டினாள். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"கழுதையா? குதிரைப்படைன்னுல்ல மலர்ல அடிச்சிருக்கோம்."

"பாதி சரிதாண்ணே," என்றாள் அத்தை. "கோவேறு கழுதைக்கு அம்மா குதிரை."

"நீ சும்மா இரு."

அவள் பிறப்புப் பதிவை வைத்தாள். "இந்த மார்ச்ல அவர் செத்திருந்தா, தாத்தா யாரோட பிள்ளை பெரியப்பா?"

ஜெனரலும் விரல்விட்டு எண்ணினார். வலது கை போதாமல் இடது கைக்குப் போனார்.

"செத்த தேதியை ஒரு வருஷம் தள்ளிப் போட்டுடு."

"அது எங்க ஆபீஸ்ல குத்தம்."

"இது உங்க ஆபீஸ் இல்லம்மா, உன் குடும்பம்."

"அண்ணே," என்றாள் அத்தை, மடிப்பதை நிறுத்தாமல். "உனக்கு வீரன் வேணுமா, இல்ல அப்பாவுக்கு ஒரு அப்பா வேணுமா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும் வேணும்."

[மூன்றாவது நகலை அவள் கைப்பையிலேயே விட்டிருக்கலாம். கல் நட்டிருப்பார்கள், கைதட்டியிருப்பார்கள், எனக்கும் வேலை மிச்சம். எடுத்து வைத்தாள்.]

பெரியப்பா படித்தார். அடித்த சொல்லுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஊமையனா?"

காகிதத்தைக் கண்ணுக்கு இன்னும் அருகில் கொண்டுபோனார்.

"கொட்டகையில படுத்திருப்பானே, அந்த ஊமையனா?"

"இந்தப் படத்தைத் தினமும் அவர்தான் துடைப்பார்," என்றாள் அத்தை. மலர் அவள் கையில் பாதி மடிப்பில் இருந்தது. "கண்ணாடியில மூச்சு விட்டு விட்டுத் துடைப்பார். நான் சிரிப்பேன்."

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் அவரை டேய்னு கூப்பிட்டிருக்கேன். பதினோரு வயசு வரைக்கும், அவர் போற வரைக்கும். வருஷா வருஷம் ஸ்கூல்ல தியாகிகள் நாள் நாடகம். தாத்தா சாகிற சீன் என்னோடது. வீட்டுல ஒத்திகைக்கு ஆள் வேணும்ல. நான் வசனம் சொல்லுவேன். அவரை, டேய், நீ செத்து விழுடாம்பேன்."

மூக்குக்கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"விழுவார். அவ்வளவு நல்லா விழுவார்."

8

போன் அடித்தது. கல் வெட்டுபவர். பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், மேல் வரி வெட்டியாச்சு. கடைசி வரி என்ன போடட்டும்? காலையில நடணும்ல."

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன. ஒன்றில் 'வீரமரணம்' என்றே வெட்டுகிறார்கள். அமைச்சர் திரையை இழுக்கிறார், அவளும் கைதட்டுகிறாள், திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு விதவையின் மனுவை அவளால் நிராகரிக்க முடிவதில்லை. இரண்டாவதில் உண்மையை வெட்டுகிறார்கள். பூங்காவில் தியாகிகளுக்கு மட்டுமே இடம், அதனால் கல் திரும்பி வந்து கொல்லையில் துணி துவைக்கப் பயன்படுகிறது. மூன்றாவதில் விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஒரு கோவேறு கழுதை மெல்ல

[மன்னிக்கவும். பழக்கதோஷம்.]

பெரியப்பா படத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு போனுக்குக் குனிந்தார்.

"'இறந்ததாகக் கருதப்படுகிறது'ன்னு வெட்டுங்க. வெட்டிட்டு, அதுமேல ஒரு கோடு போட்டு அடிச்சுடுங்க."

மறுமுனையில் உளிச் சத்தம் நின்றது.

"சார், அது காகிதத்துல செய்யலாம். கல்லுல அடிச்சு எழுதினா, கல்லு வெட்டத் தெரியாதவன்னு என்னைத்தான் சொல்லுவாங்க. நல்லா யோசிச்சு ஒரே வரியாச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பெரியப்பா அவளைப் பார்த்தார். அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை மலரைக் கீழே வைத்துவிட்டுப் படத்தின் கண்ணாடியில் மூச்சு விட்டாள்.

நான் வெயிலுக்கு ஒதுங்கியவன். குடும்பத்து ஆளும் இல்லை. கல்லில் வெட்டும் அளவுக்கு உறுதியாக ஒரு வரியும் இதுவரை எழுதியதில்லை. நீங்களோ கழுதையின் எண் முதல் அடித்த சொல் வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டீர்கள். போனை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அவர் காத்திருக்கிறார். ஒரே வரி.

………………………………