இடுப்புப் பட்டியைப் பிடித்தவர்

பிளாட் ரிட்ஜ் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணித் தலைமைப் பயிற்சியாளர் மெர்ல் டாகெட்டுக்குக் கோபம் வந்தால் கால் தரையில் நிற்காது. சாதாரணக் கோபத்துக்கு முழங்கால் உயரம். நடுவர் கண்ணில்லாதவர் போலத் தீர்ப்புச் சொன்னால் ஓர் ஆள் உயரம். நெப்ராஸ்காவில் காற்று அதிகம். எழும்பியவர் எழும்பிய இடத்தில் நிற்காமல், மிதந்துபோய் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், மைதானத்துக்குள் இறங்கிவிடுவார். உடனே நடுவர் தப்பு என்று மஞ்சள் துணியை வீசுவார். அணி பதினைந்து கஜம் பின்னால் போகவேண்டும். தலைமைப் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டாமல் அவர் இடுப்புப் பட்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள எல்லாக் கல்லூரிகளிலும் ஓர் உதவிப் பயிற்சியாளர் உண்டு. எங்கள் ஊரில் அவர் பெயர் டுவேன் கோபெக். மற்ற ஊர்க்காரர்கள் முன்னால் போகிறவரை இழுத்தார்கள். டுவேன் மேலே போகிறவரை இழுத்தார். சம்பளத்தில் வித்தியாசம் இல்லை.

உதவிப் பயிற்சியாளர் பிழைப்பு தெரிந்ததுதான். தலைமை கழன்றால் கூட இருக்கிற அத்தனை பேரும் கழன்றுபோவார்கள். டுவேன் அப்படி எட்டு ஊர் பார்த்தாயிற்று, எங்களூர் ஒன்பதாவது. அந்த வருஷம் அணி வரிசையாகத் தோற்க, நன்றி நாள் வான்கோழி விருந்து வாரத்தில் வரும் கடைசி ஆட்டமும் போனால் மெர்லோடு எல்லோருக்கும் சீட்டு கிழியும் என்று கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார். டுவேனின் மனைவி லவோன் வான்கோழியை அறுத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவ பெட்டி கட்டுனா, அது உன் பெட்டி மட்டுந்தான். எனக்கு இந்த ஊரு புடிச்சிருக்கு."

"எனக்கும்தான் புடிச்சிருக்கு, லவோன்."

"அப்ப அந்த மனுஷனக் கெட்டியாப் புடி."

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். அப்போது பார்த்து நடுவர் எதிரணிக்குச் சாதகமாக ஒரு கூத்துத் தீர்ப்புச் சொன்னார். மெர்ல் கிளம்பிவிட்டார். வடக்குக் காற்று அவரை மைதானத்துக்குள் தள்ள, பட்டியைப் பிடித்த டுவேன் குதிகாலால் புல்லை உழுதுகொண்டே கோட்டுக்கு வந்துவிட்டார். இன்னும் ஒரு முழம் இழுபட்டால் டுவேனின் கால் உள்ளே போகும். பதினைந்து கஜம் போகும். எதிரணிக்குக் கம்பங்களுக்கு நடுவே எளிதாக ஓர் உதை, மூன்று புள்ளி கிடைக்கும். ஒன்பதாவது ஊரும் காலி.

"விட்றாதடா டுவேன்!"

"கோச், கொஞ்சம் நல்லதா எதையாவது நெனைங்க!"

"அந்தக் குருட்டுப் பயல எதிர்ல வெச்சுக்கிட்டு என்னத்தடா நெனைக்கிறது!"

டுவேன் பிடியை விட்டார். மெர்ல் மைதானத்துக்கு மேலாக எழும்பிப் போய், உச்சி விளக்குகளுக்கும் மேலே நின்றார். நடுவர் மஞ்சள் துணியோடு ஓடிவந்தார்.

"உங்க ஆளு மைதானத்துக்குள்ள இருக்காரு."

"எங்கய்யா? கால் பட்ட எடத்தக் காட்டு."

நடுவர் குனிந்து புல்லைப் பார்த்தார். அண்ணாந்து பார்த்தார். துணியைப் பையில் செருகிக்கொண்டார். ஜெயித்தோம்.

மெர்ல் இறங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் எதிரணியின் ஓட்டையெல்லாம் தெரிகிறதாம். அடுத்த பருவத்தில் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்ததால் இறங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவுமில்லை. டுவேன் தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி அவர் பட்டியில் கயிறு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் புல் வெட்டும்போது அவரைத் தன் வீட்டுக்கு ஓட்டிவந்து வாசல் தபால்பெட்டிக் கம்பத்தில் கட்டிவைப்பார்.

போன வசந்தத்தில் லவோன் வீட்டு முன்னால் ஓர் ஆப்பிள் கன்று நட்டாள். அதுவரை எந்த ஊரிலும் அவள் தக்காளிக்கு மேல் எதையும் நட்டதில்லை. மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு அண்ணாந்து, "கோச், வெயில மறைக்கிறீங்க," என்றாள். டுவேன் கயிற்றை அவிழ்த்து, அவரைக் கார் கொட்டகைப் பக்கம் மாற்றிக் கட்டினார்.