இறக்கிய தந்தி

"அண்ணே, ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பாட்டுல எட்டுச் சுற்று உங்களுக்குத்தான். நான் கீபோர்டுலேருந்து கையை எடுத்துடறேன், டிரம்ஸையும் அமுக்கச் சொல்லிடறேன். நீங்க மட்டும். ஒரு தடவையாவது விரலை அவுத்து விடுங்கண்ணே" என்றான் ஜோஜோ.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை முடிந்து மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். செவ்வாயன்று ஆப்பாம் என்ற அந்த மீனவ ஊரில் வழக்கப்படி ஒரு படகும் கடலில் இறங்காது. எல்லாம் கரையேறி நிற்பதால் எஞ்சின் பழுது பார்க்கும் கோபினாவுக்கு அன்றுதான் தலைக்கு மேல் வேலை. எவ்வளவு சோப்பு போட்டாலும் பெட்ரோல் வாசம் போகாத விரல்களோடு சாயங்காலம் தேவாலயத்துக்கு ஓடிவந்து பேஸ் கிட்டாரை மாட்டிக்கொள்வான். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். ஜோஜோ வங்கியில் வேலை பார்ப்பவன், முப்பது வயது, இரண்டு வருஷமாக இசைக்குழுவுக்குத் தலைவன். அவனுடைய கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. யார் எங்கிருந்து பாட்டை எடுத்தாலும் அரை நொடியில் அவர்களைப் பிடித்துவிடுவதில் அவனுக்குப் பெருமை.

கோபினாவின் வாசிப்பைப் பற்றி ஊரில் ஒரு கிண்டல் உண்டு. ஒரு சுரத்தை வாசித்துவிட்டு, வெளியே போய் கென்கே என்ற சோள உருண்டையும் மீனும் சாப்பிட்டுக் கைகழுவி வந்து அடுத்ததை வாசிப்பான் என்பார்கள். மற்ற சபைகளில் பேஸ் வாசிக்கிறவர்கள் ஒரு மூச்சுக்குப் பத்து சுரம் பொரித்துத் தள்ளும்போது இவன் இரண்டோடு நிறுத்திக்கொள்வான். பாடுகிறவர்கள் மிதிக்க ஒரு தரை வேண்டும், தரை போய் ஆடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவன் எண்ணம். ஆனால் அவனும் மனுஷன்தானே. பட்டறைக் கதவைச் சாத்தியபின், ஆம்ப் ஒலிபெருக்கியில் மாட்டாமல், மேலிருந்து கீழே உருண்டு வந்து கடைசியில் ஒரு துள்ளலோடு நிற்கும் வாசிப்பு ஒன்றை மூன்று மாதமாக யாருக்கும் தெரியாமல் செதுக்கி வைத்திருந்தான். எட்டுச் சுற்று என்று ஜோஜோ சொன்னதுமே அது அவன் விரல் நுனிக்கு வந்து நின்றுவிட்டது.

"பாப்போம்" என்றான். முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி எகுவாவிடம் சொன்னபோது அவள் புகையடுப்பில் மீன் தட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தாள். "எட்டுச் சுற்றா? நீ மொத்தமா எட்டு சுரம் வாசிப்பியே, சுற்றுக்கு ஒண்ணு. சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கான்" என்றாள் கரகரத்த குரலில். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சிரித்தாள். கோபினாவும் சிரித்தான். ஆனால் அந்தக் கரகரப்பைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குள் எதுவோ சுருங்கும். அதை மனைவியிடம் சொன்னதில்லை.

போன வருஷம் நவம்பரில் எகுவாவின் கழுத்துக் கட்டியை கேப் கோஸ்ட் நகர ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. குரல் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கும், கொஞ்சம் நடுங்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். பத்தாம் நாள் அவள் மீன் புகைக்க உட்கார்ந்துவிட்டாள். சந்தையில் பழையபடி சண்டை போட்டாள். பாட்டு மட்டும் வரவில்லை. இத்தனைக்கும் அந்தச் சபையில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து பாட்டெடுக்கும் நாலைந்து பெண்களில் அவள்தான் முதல். போதகர் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்ன ஒரு வரி மனதில் தைத்தால் ஒரு பெண் எழுந்து, அந்த வரியையே பிடித்துக்கொண்டு, புத்தகத்தில் இல்லாத ஒரு பாட்டை அங்கேயே கட்டிப் பாடுவாள். சபை பதில் பாடும். போதகர் எவ்வளவு பெரியவரானாலும் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். எகுவா எழுந்தால் பிரசங்கம் பாதி நேரம் அவளுடையதுதான் என்பார்கள்.

பிப்ரவரியில் ஒருமுறை எழுந்தாள். மனைவி எழுந்து நிற்பதைப் பார்த்த சந்தோஷத்தில் கோபினாவின் கை முந்திக்கொண்டது. அவள் முதல் வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள், பத்தொன்பது வருஷத்தில் செய்யாத காரியமாக, கனத்த ஒரு சுரத்தை உறுதியாக இறக்கினான். அது அவளுடைய பழைய சுருதி. புதிய குரல் அதற்கு அரைப்படி கீழே நின்றது. ஜோஜோ அவனை நம்பிப் பொத்தானை அழுத்தினான், டிரம்ஸ் வந்தது, சபை முழுக்க பேஸின் பின்னால் போய்விட்டது. எகுவா மட்டும் கீழே தனியாக நின்றாள். இரண்டாவது வரியின் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகிவிட்டது. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். வீட்டில் அடுப்படியில்கூட முணுமுணுப்பதில்லை. அவளை உட்கார வைத்தது தன் கைதான் என்பது கோபினாவுக்குத் தெரியும். அவள் மறுபடி எழ வேண்டும் என்பதைத் தவிர அவன் அந்த எட்டு மாதத்தில் பெரிதாக எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. எட்டுச் சுற்றுகூட அதற்கு அப்புறம்தான்.

அறுப்பின் பண்டிகை ஞாயிறு. பலிபீடத்தின் முன்னால் வாழைத்தார்கள், சேனைக்கிழங்கு, கூடை கூடையாகப் புகைத்த மீன், கால் கட்டிய இரண்டு கோழிகள், தூணில் கட்டிய ஒரு ஆடு. பிரசங்கம் நடக்கும்போது ஆடு வாழைத்தாரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. போதகர் ஊருக்குப் புதியவர், கடலுக்குத் தொலைவான ஊர்க்காரர், நல்ல மனுஷர், பேச்சுதான் கொஞ்சம் நீளம். அன்றைக்கு ஆண்டவரின் சீடனான மீனவன் சீமோனுடைய மாமியாரின் கதையை எடுத்திருந்தார். காய்ச்சலாகக் கிடந்தவளின் கையை ஆண்டவர் பிடித்துத் தூக்கினார். காய்ச்சல் விட்டது. "உடனே அவள் என்ன செய்தாள்? ஓய்வெடுத்தாளா? இல்லை! எழுந்து, வந்திருந்த எல்லாருக்கும் பணிவிடை செய்தாள். அந்தத் தாயின் தாழ்மையைப் பாருங்கள்!"

பெண்கள் பக்கம் ஒரு முனகல் ஓடியது. மீன்கார ஊர் அது. நோயிலிருந்து எழுந்த மறுநாள் அடுப்பின்முன் உட்காராதவள் அங்கே ஒருத்தியும் இல்லை.

"எத்தனை பேருக்கு மீன் பொரிச்சாளாம்? அதையும் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. போதகரும் சிரித்துவிட்டுத் தொடர வாயெடுத்தார். அப்போது எகுவா எழுந்து நின்றாள்.

அவளே எதிர்பார்க்காததுபோல ஒரு கணம் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பாடினாள்.

"மாமியாரு எழுந்துட்டாளே..."

ஜோஜோவின் கை கீபோர்டை நோக்கிப் போனது. கோபினா தன் செருப்புக் காலை நீட்டி அவனுடைய பளபளப்பான ஷூவின் மேல் அழுத்தி மிதித்தான்.

"என்னண்ணே!"

"கையை எடு."

"சுருதி பிடிக்கணும்ல? ரெண்டு கட்டைக்கும் நடுவுல நிக்கிறாங்கண்ணே, பொத்தான்ல அது கிடைக்காது."

"கிடைக்காதுல்ல? அப்ப விடு."

கோபினா ஷூவின் மேலிருந்து காலை எடுக்கவில்லை. ஜோஜோ சொன்னது உண்மை. எகுவாவின் குரல் எந்த வாத்தியத்தின் கணக்கிலும் சேராத ஓர் இடத்தில் நின்றது. கோபினாவின் விரல்கள் தாமாகவே தந்தியைத் தேடின. பிப்ரவரி ஞாபகம் வந்தது. தந்திகளின் மேல் உள்ளங்கையைப் பரப்பி அமுக்கிக்கொண்டான். கூடவே இன்னொரு விரலால் கிட்டாரின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டான்.

"கழுத்துச் சூடு ஆறல்லையே, அடுப்புச் சூடு கேக்குறாங்களே..."

'ஆறல்லையே' என்ற இடத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்னும் யாரும் பதில் பாடவில்லை. என்ன பதில் பாடுவது என்று அவள் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. கோபினா தலையைச் சாய்த்துத் தாடையைக் கிட்டாரின் தோள்மேல் வைத்து அழுத்தினான். ஓடுகிற எஞ்சினில் எங்கே தட்டுகிறது என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பானே, அதே மாதிரி. பருத்த தந்தியைக் கட்டைவிரலால் தொட்டான். மரத்தின் வழியாக அது எலும்புக்குள் கேட்டது, வேறு யாருக்கும் கேட்கவில்லை. எகுவா நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இடதுகையால் முறுக்காணியைப் பிடித்துத் தளர்த்தினான். ஒரு மயிரிழை. இன்னும் ஒரு மயிரிழை. தந்தி மெல்ல இறங்கி அவள் குரலின் பக்கத்தில் வந்து, உரசி, சேர்ந்தது.

மூன்றாவது அடியை அவள் எடுக்கும்போது சுண்டுவிரலால் ஒலியைத் திறந்து ஒரே ஒரு சுரம் வைத்தான்.

"ஆண்டவரே, அவளைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுமே!"

பெண்கள் பக்கம் முழுக்க வெடித்துச் சிரித்தது. சிரித்த வாயோடு அப்படியே பதில் பாடியது: "உக்காரச் சொல்லுமே, அவளைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுமே!" மணி கோத்த சுரைக்குடுக்கை குலுங்க ஆரம்பித்தது. கைதட்டல் சேர்ந்தது. கோபினா ஓர் அடிக்கு ஒரு சுரம் வைத்தான், அதற்கு மேல் இல்லை. அதையும் அவள் மூச்சு வாங்கும் இடங்களில் விட்டுவிட்டான். எகுவா அடிமேல் அடியாகக் கட்டிக்கொண்டே போனாள். மாமியாருக்கு யார் கஞ்சி வைப்பது, சீமோன் வலையை மடித்து வைத்துவிட்டு ஒரு சட்டி கழுவினால் என்ன, பன்னிரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவனுக்காவது தீ மூட்டத் தெரியாதா. குரல் ஆங்காங்கே நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவள் அதைச் சட்டை செய்யவில்லை, சபையும் செய்யவில்லை. போதகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, தானே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபினாவால் கண்ணீரைத் துடைக்க முடியவில்லை, கை வேலையாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் சபை இருந்த உற்சாகத்தில் போதகர் பிரசங்கத்தை இரண்டே வார்த்தையில் முடித்துக் காணிக்கைக்கு எழும்பச் சொன்னார். ஜோஜோ அறுப்பின் பாட்டை ஆரம்பித்தான். ஜனங்கள் ஆடிக்கொண்டே முன்னால் வந்தார்கள். கோபினாவின் பருத்த தந்தி கீபோர்டோடு ஒட்டாமல் கிடந்தது. மற்ற மூன்று தந்திகளில் சமாளித்துக்கொண்டே அதை மேலே ஏற்றப் பார்த்தான், அந்த இரைச்சலில் முடியவில்லை. ஜோஜோ கீபோர்டிலிருந்து கையை உயர்த்தி, "அண்ணே, இப்ப!" என்று கத்தினான். கோபினா ஒரு கையில் முறுக்காணியோடு தலையை ஆட்டி, நீயே வாசி என்று சைகை காட்டினான். ஜோஜோ முறைத்துவிட்டு எட்டுச் சுற்றையும் தானே நிரப்பினான். கோபினாவுக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். மூன்று மாத வேலை. ஆனாலும் ஒரு கூடைக்காரி ஆடிக்கொண்டே போகும்போது எகுவாவின் தோளில் தட்டிவிட்டுப் போனதைப் பார்த்ததும் அந்த வருத்தம் பாதியானது.

மத்தியானம் வீட்டு முற்றத்தில் எகுவா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். கோபினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்தான். எப்படித் தெரியும் என் சுருதி என்று கேட்பாள். அதற்குச் சொல்ல ஒரு பதில்கூடத் தயாராக இருந்தது.

"ஏன்யா" என்றாள், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணாவது அடியில எதுக்கு வந்தே?"

கோபினா விழித்தான். "குரல் உடைஞ்சுதே..."

"உடைஞ்சுது. உடைஞ்சா என்ன? உடைஞ்சுட்டே நின்னிருப்பேன்ல. இன்னும் ரெண்டு அடி நான் தனியா போயிருப்பேன். போய்ப் பாக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள வந்து தாங்கிட்டே."

"நான் ரொம்ப நேரம் பொறுத்தேன் எகுவா."

"பொறுத்தே. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "பிப்ரவரியில..." என்று ஆரம்பித்தான்.

"அது உன் கைன்னு எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமா அந்தக் கட்டைவிரலைக் கேக்குறேன். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன், எட்டு மாசமா மென்னு முழுங்கிட்டு இருந்தே." மீனைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் சீறியது. "அடுத்த தடவை நான் திரும்பிப் பாக்குறப்ப வா. அதுக்கு முன்னாடி வராதே."

அடுத்த தடவை என்று சொல்லிவிட்டாள். மற்றதெல்லாம் அவன் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது. "சரி" என்றான். "நீ திரும்பிப் பாக்குறப்ப."

அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தவள், யாருக்கும் சொல்லாததுபோலப் பாட ஆரம்பித்தாள். காலையில் பாடியதல்ல, வேறு. அடுப்பையும் புகையையும் வைத்து ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள். கோபினாவின் கட்டைவிரல் பெஞ்சின் ஓரத்தில் இடம் தேடிப் போனது. அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டான். இரண்டாவது அடி போயிற்று. மூன்றாவதில் குரல் உடைந்து, ஒரு கணம் நின்று, உடைந்தபடியே மேலே போனது. வேலிக்கு அந்தப்பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது. நாலாவது அடி. ஐந்தாவது. அவன் அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.