கீழ் ரூம் காலியாக இருந்தது

லாட்ஜ்காரர் பொய் சொல்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. "வெந்நீர் எந்நேரமும் வரும்" என்பது ஒரு பொய், "ரோட்டுச் சத்தம் உள்ளே கேட்காது" என்பது இன்னொன்று. இதெல்லாம் தொழில் பொய்கள். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், யாருக்கும் சோறு இறங்காமல் போகாது. பேக்கரிக்காரரிடம் அவர் சொன்ன பொய் அந்தக் கணக்கில் வராது.

பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் பல வருஷமாக லாட்ஜுக்கு வருகிறவர்கள். அந்தம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம். லாட்ஜுக்குப் பின்தெருவில்தான் கண் ஆஸ்பத்திரி. சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டியாக வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார்கள் என்றால் சாயங்காலம் வரை எல்லாம் மங்கல்தான், வெளிச்சம் பட்டால் கண் கூசும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ரூமுக்கு வந்து, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். முழங்காலும் ஒத்துழைக்காது. லாட்ஜில் கீழே இருப்பது ஒரே ஒரு ரூம். மற்றதெல்லாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆகவே கீழ் ரூம் என்றாலே லாட்ஜ்காரர் வீட்டில் அது "அக்கா ரூம்"தான்.

அவர்கள் ரூம் பிடிக்கிற விதம் ரொம்ப சுலபம். பேக்கரிக்காரர் போன் போடுவார். "தம்பி, அடுத்த வாரம் வர்றோம்." "வாங்கண்ணே." முடிந்தது. முன்பணம், ரசீது, ஒன்றும் கிடையாது. வரும்போது கையில் அவர் கடை ரொட்டி ஒரு பொட்டலம் இருக்கும்.

ஆனால் இப்போதெல்லாம் லாட்ஜுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல், இன்டர்நெட்டில் ரூம் பிடித்துத் தருகிற சைட் வழியாக வருகிறவர்கள். மச்சினன் சேர்த்துவிட்டான். கமிஷனை உருவிக்கொள்கிறானே என்று லாட்ஜ்காரர் தினமும் சைட்காரனைத் திட்டுவார். திட்டிக்கொண்டே, புதிதாக ஏதாவது புக்கிங் வந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். அந்த சைட்டுக்கு ஒரு குணம். அதில் வந்த புக்கிங்கை லாட்ஜே ரத்து செய்தால் அதற்கு ரோஷம் வந்துவிடும். ஒருமுறை செய்துவிட்டு லாட்ஜ்காரர் பட்ட பாடு போதும். பட்டியலில் லாட்ஜின் பெயர் எங்கோ கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது. வெகுநாள் ரூம்கள் காற்று வாங்கின. அதிலிருந்து சைட்டில் வருகிறவர்கள் என்றால் அவருக்கு ஒரு நடுக்கம்.

போனில் யாராவது ரூம் கேட்டால், உடனே கம்ப்யூட்டரில் அந்த ரூமை அந்த நாட்களுக்கு மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சைட்டில் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள். லாட்ஜ்காரர் இதில் கெட்டிக்காரர்தான். ஆனால் இந்த முறை பேக்கரிக்காரர் போன் செய்தபோது அவர் மாடியில் அடைத்துக்கொண்ட குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு "வாங்கண்ணே" என்றார். குழாய் சரியானது. ரூமை மூடுவது மறந்துபோனது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள்தான் கவனித்தார். அதே கீழ் ரூமை, அதே நாட்களுக்கு, யாரோ ஒரு இளம் ஜோடி சைட்டில் பிடித்துப் பணமும் கட்டியிருந்தது.

அந்த ஜோடிக்கு ஒரு போன் போட்டு, "மேல ரூம் தரட்டுமா, பரவால்லையா" என்று கேட்டிருக்கலாம். நம்பர் கண்ணெதிரே இருந்தது. ஆனால் முடியாது என்று சொல்லி, சைட்டில் நாலு வரி தாறுமாறாக எழுதிவிட்டால்? பேக்கரிக்காரர் எங்கேயும் எழுத மாட்டார். எழுத அவருக்கு இடமும் கிடையாது. நம்பி வருகிறவனைத்தான் சுலபமாகக் கழற்றிவிட முடியும் என்று லாட்ஜ்காரருக்கு அப்போது நன்றாகவே புரிந்தது. புரிந்துகொண்டுதான் பேக்கரிக்காரரின் நம்பரை அழுத்தினார்.

உண்மையைச் சொல்லத்தான் போன் செய்தார், அதை நம்பலாம். "அண்ணே, ஒரு சங்கடம்..." என்று ஆரம்பித்து இழுத்தார்.

"என்ன தம்பி, குரலே சரியில்லையே. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

அந்த அக்கறையிலேயே வழி கிடைத்துவிட்டது. "அவளுக்குத்தான் உடம்பு முடியலண்ணே. காய்ச்சல் விடவே மாட்டேங்குது. பெரிய ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. லாட்ஜைச் சாத்திட்டேன்."

"அடப்பாவமே. எங்களைப் பத்தி யோசிக்காதீங்க தம்பி. நீங்க முதல்ல அவங்களைப் பாருங்க."

அடுத்த தெருவில் இருந்த சிநேகிதரின் லாட்ஜை லாட்ஜ்காரர் சொன்னார். கீழே ரூம் இருக்கும் என்றும் சொன்னார், விசாரிக்காமலே. போனை வைத்தபோது, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டிய மனைவி பின்பக்கம் படுக்கை விரிப்புகளை உதறி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். லாட்ஜ்காரர் அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஜோடி வந்தது. கீழ் ரூமைத் திறந்துவிட்டார். அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். லாட்ஜ்காரரின் மனைவி முந்தின நாளே, அக்கா வருவார் என்று, கனத்த திரையைத் தேடி எடுத்து மாட்டியிருந்தாள். ரூம் இருட்டாக இருந்தது.

"அங்கிள், மேல ஏதாவது ரூம் இருக்கா? கொஞ்சம் வெளிச்சமா?"

"மேலயா?"

"ஆமா. சைட்டுல இது ஒண்ணுதான் படம் நல்லா இருந்துச்சு, அதான் போட்டோம். மேலன்னா இன்னும் சந்தோஷம்."

லாட்ஜ்காரர் மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு போன். போட்டிருந்தால் முடிந்திருக்கும். கீழ் ரூம் கதவு திறந்தபடி இருந்தது. இழுத்துப் போர்த்திய படுக்கை, அக்காவுக்குப் பிடித்த கெட்டித் தலையணை, இழுத்துவிட்ட திரை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

"ஏங்க, பேக்கரி அண்ணன் இன்னும் காணோமே?" என்றாள் மனைவி.

"வரலையாம்."

"ஏன்? அக்காவுக்குக் கண்ணு காட்டணுமே."

"அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு சொன்னாரு."

கூப்பிட்டு, வந்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று போனைக் கையில் எடுத்தார். நேற்று காய்ச்சல் விடாமல் கிடந்தவள் இன்று எழுந்து நிற்கிறாள், சாத்திய லாட்ஜைத் திறந்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? அன்று முழுக்க எடுத்தார், வைத்தார். ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நிமிஷம் பிடித்தது. அதை விழுங்க ஒரு நாள் போதவில்லை.

அதற்கடுத்த நாள் மத்தியானம், வாசலில் ஏணி போட்டுப் பல்பு மாற்றிக்கொண்டிருந்தவர், தெருவுக்கு அந்தப் பக்கம் அவர்களைப் பார்த்தார். பேக்கரிக்காரர் ஒரு கையில் பொட்டலமும் ஒரு கையில் மனைவியுமாக, வண்டிகள் போகக் காத்துக்கொண்டிருந்தார். அந்தம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஏணியிலிருந்து இறங்கி உள்ளே ஓடினார். கவுண்டரில் மனைவி தலையணை உறைகளை மடித்தபடி, தங்கையோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உள்ள போயேன்."

"எதுக்கு?"

"போன்னா போயேன்."

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? ஏன் இப்படி வேர்க்குது?"

அதற்குள் அவர்கள் படியில் ஏறிவிட்டார்கள். பேக்கரிக்காரர் முதலில் திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு கவுண்டரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"வந்துட்டோமா?" என்றார் அந்தம்மா. அவருக்கு முன்னால் வெறும் மங்கல்.

"வந்துட்டோம்," என்றார் அவர், கொஞ்சம் தாமதமாக.

"தம்பி இருக்காரா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வர்றோம் தம்பி. நீங்க எந்த வார்டுன்னு சொல்லல. ஒவ்வொரு வார்டா கேட்டுப் பார்த்தோம். அந்தப் பேர்ல யாருமே இல்லைன்னுட்டாங்க. அதான் இங்க வந்து கேட்கலாம்னு வந்தோம். பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"எந்தப் பொண்ணுக்குக்கா?" என்று கேட்க வாயெடுத்த மனைவி, கணவரின் முகத்தைப் பார்த்தாள். ஈயாடவில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், அவளுக்கு அது போதும். போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"வீட்டுக்கு வந்துட்டேன்க்கா. இப்ப பரவால்ல."

"நீயா பேசுறே?" அந்தம்மா கையை நீட்டித் தடவிக்கொண்டே வந்து, அவள் கையைப் பிடித்தார். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சூடு விட்டிருக்கு. ஆனா கையெல்லாம் சில்லுனு இருக்கேம்மா. அதுக்குள்ள எழுந்து உட்காரணுமா? தம்பி, இவளை வேலை செய்ய விடாதீங்க. பார்த்துக்கங்க."

"சரிங்கக்கா," என்றார் லாட்ஜ்காரர்.

பேக்கரிக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கவுண்டருக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த கீழ் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுக்கை, தலையணை, கனத்த திரை. யாரும் தொடாத ரூம். பிறகு திரும்பி லாட்ஜ்காரரைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் லாட்ஜ்காரர் காலில்கூட விழுந்திருப்பார். கோபம் இல்லை. ஒரு தெரியாத ஊரில் தெருப்பெயர் படிக்கிறவர் மாதிரிப் பார்த்தார், அவ்வளவுதான்.

"அண்ணே, ரூம் இப்ப... வேணும்னா அக்கா இங்கயே..."

"இருக்கட்டும். அங்க சாமானெல்லாம் வெச்சாச்சு."

"அங்க கீழதானே குடுத்தாங்க?"

அந்தம்மாதான் பதில் சொன்னார். "மாடிதான் தம்பி. அதனால என்ன. நடுவுல நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிட்டேன். உங்களுக்கு இருக்கிற கவலையில இதையெல்லாம் கேட்டுக்கிட்டு."

கணவரிடமிருந்து ரொட்டிப் பொட்டலத்தை வாங்கி லாட்ஜ்காரரின் மனைவி கையில் கொடுத்து, பாலில் தோய்த்துச் சாப்பிடச் சொன்னார். தன்னுடைய ரூமுக்கு ஒரு எட்டு தூரத்தில் நின்று விடைபெற்றுக்கொண்டு, வெயிலிலிருந்து முகத்தைத் திருப்பியபடி படி இறங்கினார். பேக்கரிக்காரர் ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கினார்.

அவர்கள் தெருவைத் தாண்டியதும் மனைவி லாட்ஜ்காரர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் காய்ச்சலா?"

"வாய் தவறி வந்துடுச்சு."

"என்னைப் படுக்க வெச்சது போகட்டும். அந்தக் கண்ணோட அவங்களை வார்டு வார்டா அலைய விட்டிருக்கீங்க." அவள் கீழ் ரூமுக்குள் போய்த் திரையைக் கழற்றினாள். ரொட்டியை அவர்கள் இருவருமே தொடவில்லை. காய்ந்துபோன பிறகு அவரே எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டார். போடும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

மாதங்கள் போயின. அவர்கள் வரவேண்டிய சமயம் நெருங்கியபோது, யாரும் கேட்காமலே லாட்ஜ்காரர் கீழ் ரூமை சைட்டில் மூடி வைத்தார். போன் வரும், அண்ணே மன்னிச்சுடுங்க என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். குளிக்கப் போகும்போதுகூட போனை எடுத்துக்கொண்டு போனார். போன் வரவில்லை. இனி வர மாட்டார்கள், அடுத்த தெரு லாட்ஜே பழகியிருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் ரூமைத் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அந்த ரூமுக்குச் சைட்டில் ஒரு புக்கிங் விழுந்தது. பேக்கரிக்காரரின் பெயர். முழுப் பணமும் கட்டியாகியிருந்தது. வேறு ஏதாவது தேவையா என்று சைட் கேட்கிற இடத்தில், "மனைவிக்குப் படி ஏற முடியாது. கீழ் அறை மட்டும்" என்று எழுதியிருந்தது, லாட்ஜ்காரருக்கு அது தெரியாதது போல.

அவர் உடனே போன் போட்டார். "அண்ணே, என்னண்ணே இது. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதாதா? எதுக்கு சைட்டுல போய்..."

அந்தப் பக்கம் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. "மருமகன் போட்டுக் குடுத்தாரு. இதுல போட்டா ரூம் மாறாதுன்னு சொன்னாரு."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு லாட்ஜ்காரர் "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார்.

"இன்னொண்ணு," என்றார் பேக்கரிக்காரர். "அவ அடிக்கடி கேட்டுக்கிட்டே இருக்கா, அந்தப் பொண்ணு தேறிட்டாளான்னு. நல்லாயிட்டாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

சொன்ன நாளில் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை, அந்தம்மாவின் கண்கள் தெளிவாக இருந்தன. அவர் லாட்ஜ்காரரின் மனைவியுடைய கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இப்பத்தான் முகத்துல களை வந்திருக்கு, அன்னிக்கு எனக்குப் பார்க்கக் குடுத்து வைக்கல" என்றார். அவளைக் கூட்டிக்கொண்டே கீழ் ரூமுக்குள் போனார். உள்ளே, கனத்த திரையை எடுத்து மாட்டியிருக்கிறாயே என்று அவர் மெச்சுவது வெளியே கேட்டது.

பேக்கரிக்காரர் கவுண்டரிலேயே நின்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து வைத்தார். சைட் அனுப்பிய உறுதிச் சீட்டு, அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதன் மேல் தன் அடையாள அட்டையை வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த அட்டையை லாட்ஜ்காரர் பார்த்ததே இல்லை.

"அண்ணே, உங்களுக்கு எதுக்குண்ணே இதெல்லாம்."

"இருக்கட்டும். எல்லாருக்கும் உள்ளதுதானே."

லாட்ஜ்காரர் அட்டையை எடுத்து எண்ணை எழுதிக்கொண்டார். ஒரு இலக்கத்தை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது. பேக்கரிக்காரர் அவசரப்படாமல் காத்திருந்தார். பிறகு மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினார்.

"கையெழுத்து எங்க போடணும் சார்?"