குடையைத் தொலைத்தவர்

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு சுப்ரியா நிமிர்ந்தபோது, அம்மா லேப்டாப்பை எடுத்துவரச் சொன்னாள்.

"இப்பவாம்மா?"

"ஷ்யாம் வந்துட்டா உடனே எடுத்துடுவா. அதுக்குள்ள முடிக்கணும்."

தம்பி பெங்களூரிலிருந்து மதிய விமானத்தில் வந்துகொண்டிருந்தான். ஹாலில் பக்கத்து ஃப்ளாட் வங்காளி மாமி, மித்ரா மாஷிமா மட்டும் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ரஜனிகந்தா மாலை அவள் வாங்கி வந்தது.

அம்மா கதை எழுதுகிறவள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வருஷம் தவறாமல் அவள் கதை வரும். கையால் எழுதுவாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சுப்ரியா ஜாதவ்பூரிலிருந்து வந்து டைப் அடித்துக் கொடுப்பாள். ஆனால் மலருக்கு அனுப்புமுன் அப்பா கேட்டாக வேண்டும். பார்வை மங்கிய பிறகு அவருக்குக் காதுதான் எல்லாம். பட்டாணி உரித்தபடி கேட்பார், ஒவ்வொரு பத்தி முடிவிலும் "ம்" என்பார். "ம்" வரவில்லையென்றால் அம்மா படிப்பதை நிறுத்திவிடுவாள்.

பெரும்பாலும் பெயர்களில்தான் அவர் தடுக்கி விழுவார். ஒரு கதையில் அக்கா ஜெயந்தி, தங்கை ஜெயஸ்ரீ. கல்யாணம் முடிந்து பெண் மாமியார் வீட்டுக்குப் போகும்வரை கேட்டுவிட்டு, "அவன் பொண் பார்த்தது பெரியவளையாச்சே, இவ கழுத்துல ஏன் தாலி கட்டினான்?" என்றார். மறுநாள் தங்கை கவிதாவாகிவிட்டாள். அதன்பின் ஒரு கதையில் இரண்டு பேருக்கு ஒரே எழுத்தில் பெயர் தொடங்கியதில்லை. கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, பெஹாலா பஸ்ஸில் யாரோ யாரையோ கூப்பிடுவது, எங்கிருந்தாவது புதிதாக ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

நேற்று ஞாயிறு. சாயங்காலம் டைப் அடித்து முடித்ததும் அம்மா படித்தது மழையில் குடையைத் தொலைக்கும் ஒரு கிழவரின் கதை. அந்தப் பழைய விதியை எப்படியோ மறந்து, தொலைத்தவருக்கு வாசுதேவன் என்றும் கண்டெடுத்தவருக்கு வாஞ்சிநாதன் என்றும் வைத்திருந்தாள். அப்பாவிடமிருந்து "ம்" வரவில்லை.

"குடை இப்ப யார்கிட்ட இருக்கு?" என்றார். பிறகு, "தொலைச்சவன் பேரை மாத்து. என் பேர் சும்மாத்தானே இருக்கு, அதை வச்சுக்கோயேன்."

"வச்சுக்கலாம். வாயால எப்படிப் படிக்கறது?"

"சுப்ரியா படிக்கட்டும்."

"என் கதையை நான்தான் படிப்பேன்."

அப்பா சிரித்தார். அம்மா அவர் பெயரைச் சொன்னதேயில்லை. ரேஷன் கடையிலும் பாங்கிலும் பிள்ளைகளைப் பார்ப்பாள், அவர்கள் சொல்வார்கள். இன்று காலை காபியோடு எழுப்பப் போனபோது அப்பா எழுந்திருக்கவில்லை. சர்டிஃபிகேட் எழுத டாக்டர் பெயர் கேட்டபோதும் அம்மா சுப்ரியாவைத்தான் பார்த்தாள்.

சுப்ரியா அந்தக் கதையைத் திறந்தாள். வாசுதேவன் வந்த இடங்களிலெல்லாம் ஒவ்வொன்றாக அப்பாவின் பெயரைப் போட்டாள். அம்மா பக்கத்தில் நின்று, ஒன்றும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டாள்.

"நான் வேணா படிக்கட்டுமாம்மா?"

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்து, அப்பாவின் காதுப்பக்கம் தரையில் உட்கார்ந்தாள். மாஷிமா என்னவென்று கண்ணால் கேட்டாள். "பாபாவுக்கு கொல்போ," என்றாள் சுப்ரியா. கதை. மாஷிமா தலையாட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"திருவேங்கடம்," என்றாள்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து, வழக்கமான குரலில் படித்தாள்.

"திருவேங்கடம் டிராமிலிருந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. அதனால்தான் குடை ஞாபகம் வரவில்லை. வீட்டு வாசலில், மறுபடி தூறல் விழுந்த பிறகுதான், கை வெறுமையாக இருப்பது அவருக்குத் தெரிந்தது."

பத்தி முடிந்தது. அம்மா நிறுத்தினாள்.

கீழே டாக்சிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மாஷிமா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அம்மா அசையவில்லை, விரல் அடுத்த வரியின்மேல் இருந்தது.

"ம்," என்றாள் சுப்ரியா.

அம்மா அடுத்த பத்தியைப் படிக்கத் தொடங்கினாள்.